தொட்டியில் நெளியும் கறுப்பு முடி

மழை பெய்து ஓய்ந்த காலை. துணி துவைக்கும் தொட்டியில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பாக ஒரு முடி கிடக்கிறது. எடுத்துப் போடலாம் என்று குச்சியை விட்டால், அது குச்சியைச் சுற்றிக்கொண்டு நெளிகிறது. நேற்று சாயங்காலம் தேய்த்துக் கழுவி நிரப்பிய தொட்டி. அடியில் ஓட்டை இல்லை, பாசி இல்லை. இது எங்கிருந்து வந்தது?

குழாயில் வந்திருக்கும் என்பார் ஒருவர். பாம்புக் குட்டி என்று குழந்தைகளை உள்ளே அனுப்புவார் இன்னொருவர். மண்ணுக்குள் வாழும் புழுப்பாம்பு என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் புழுப்பாம்புக்குச் செதில் உண்டு, நாக்கு உண்டு. இதற்குக் கண், காது, கால், வாய் எதுவும் வெளியே தெரிவதில்லை. எது தலை, எது வால் என்று சொல்வதற்கே பழகிய கண் வேண்டும்.

இதன் பெயர் குதிரைமுடிப் புழு. உலகில் இதுவரை ஏறத்தாழ 350 இனங்களை விவரித்திருக்கிறார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் இவற்றை எப்படி 350 ஆகப் பிரித்தார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

முடி புழுவாகுமா?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெகுகாலம் ஒரு நம்பிக்கை இருந்தது. குதிரை தண்ணீர் குடிக்கும் தொட்டியில் அதன் பிடரிமுடி உதிர்ந்தால், அது ஊறி உயிர் பெற்றுப் புழுவாகிவிடும் என்பார்கள். பெயர் வந்தது அந்த வழியில்தான். அமெரிக்க உயிரியலாளர் ஜோசப் லைடி குதிரைமுடிகளைத் தண்ணீரில் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தார். முடி முடியாகவே இருந்தது. 1870இல் அதை எழுதியும் வைத்தார்.

நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. முந்தின நாள் இல்லாத ஒன்று மறுநாள் ஒரு முழ நீளத்தில் முழுசாக வளர்ந்து கிடந்தால், வேறு எந்த விளக்கம் தோன்றும்? குட்டியாகவோ பாதி வளர்ந்ததாகவோ இதைத் தொட்டியில் யாரும் பார்ப்பதில்லை. அது வளர்ந்த இடம் வேறு.

கும்பிடுபூச்சியின் வயிற்றில்

திருச்சியை அடுத்த முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. மேலூர்ப் பக்கம் வாழைத்தோட்டம், வாய்க்கால், ஆற்றங்கரைக் காடு. 2015இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைந்ததும் அங்கேதான், பூச்சிகளுக்கு ஏற்ற இடம். தண்ணீரும் பூச்சி நிறைந்த கரையும் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பது குதிரைமுடிப் புழுவின் வாழ்க்கைக்கு முதல் நிபந்தனை.

பெண் புழு தண்ணீரில் லட்சக்கணக்கில் முட்டையிடும். அதிலிருந்து வரும் இளம்புழு பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் முகத்தில் கொக்கிகளும் துளைக்கும் ஊசியும் உண்டு. தண்ணீரில் வாழும் கொசுப்புழுவோ வேறு பூச்சியின் புழுவோ அதை விழுங்கினால், அதன் உடலுக்குள் ஓர் உறை கட்டிக்கொண்டு அசையாமல் காத்திருக்கும். பூச்சி சிறகு முளைத்துக் கரைக்குப் பறந்து வரும்போதும் உறை கூடவே வரும். அந்தப் பூச்சியை ஒரு கும்பிடுபூச்சி பிடித்துத் தின்கிறது. சில இனங்களுக்கு அந்த இடத்தில் சுவர்க்கோழி.

இனி வளர்ச்சி. உள்ளே போன புழுவுக்கு வேலை செய்யும் குடல் கிடையாது. கும்பிடுபூச்சியின் உடற்குழியில் மிதந்தபடி, தன் தோல் வழியாகவே உணவை உறிஞ்சிக்கொள்கிறது. பூச்சியைவிடப் பல மடங்கு நீளத்துக்கு வளர்ந்து, மடிந்து மடிந்து வயிறு முழுக்க நிறைந்துவிடுகிறது. ஆனால் இணை சேர அதற்குத் தண்ணீர் வேண்டும். கும்பிடுபூச்சியோ தண்ணீரில் இறங்காத பூச்சி.

பிரான்சில் பிரெடெரிக் தோமா குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. காட்டோரத்து நீச்சல்குளம் ஒன்றில் இரவு நேரங்களில் சுவர்க்கோழி வகைப் பூச்சிகள் தாமாக வந்து குதித்தன. குதித்ததும் உடலிலிருந்து புழு வெளியே வந்தது. பூச்சிகள் தூரத்திலேயே தண்ணீரை அறிந்து தேடி வருவதாகத் தெரியவில்லை. முதலில் தாறுமாறாக அலைகின்றன. அலைச்சலில் தண்ணீர் எதிர்ப்பட்டால் இறங்கிவிடுகின்றன.

ஜப்பானில் 2021இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமாகவே இருக்கும். இதைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். புழு தாங்கிய கும்பிடுபூச்சிகள் அந்த ஒளியை நோக்கி ஈர்க்கப்படுகின்றன. இதே ஒளியை எதிர்த் திசையில் பயன்படுத்தியவர் ஸ்ரீரங்கம் தீவைச் சேர்ந்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். 1921இல் கப்பலில் திரும்பும்போது, ஒரு நிக்கோல் பட்டகத்தால் கடற்பரப்பின் இந்தப் பிரதிபலிப்பை வடிகட்டிவிட்டு, அடியாழத்தின் நீலத்தைப் பார்த்தார். அவர் விலக்கிய ஒளிதான் அந்தப் பூச்சியை இழுக்கிறது.

தொட்டியின் புதிர் இங்கே தீர்கிறது. இரவில் ஒரு பூச்சி வந்து விழுந்திருக்கிறது. அது செத்து ஒதுங்கியிருக்கும், அல்லது தப்பிப் போயிருக்கும். புழு மட்டும் கிடக்கிறது. வளர்ந்த புழு எதையும் தின்பதில்லை. மனிதருக்குள்ளோ மாட்டுக்குள்ளோ அதனால் வாழவும் முடியாது. புழுவை எடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

எதை வைத்துப் பிரிப்பது?

வண்டுகளைக் கொம்பு, கால், சிறகுறை வைத்துப் பிரிக்கலாம். பாம்புகளைச் செதிலை எண்ணிப் பிரிக்கலாம். குதிரைமுடிப் புழுவில் எண்ண என்ன இருக்கிறது? நிறம் உதவாது, ஒரே இனத்தில் வெளிர்பழுப்பும் கறுப்பும் உண்டு. நீளம் உதவாது, பெரிய பூச்சிக்குள் வளர்ந்தது நீளமாக இருக்கும், சின்னதில் வளர்ந்தது குட்டையாக இருக்கும். உள்ளே அறுத்துப் பார்த்தால் முட்டையோ விந்தோதான் பெரும்பகுதி.

மிஞ்சுவது இரண்டு: வால் நுனி, தோல்.

வால் நுனி புழுவின் பேரினத்தை, அதாவது அது எந்தக் குடும்பக் கிளையைச் சேர்ந்தது என்பதை ஓரளவு சொல்லிவிடும். 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட கார்டியஸ் பேரினத்தில் ஆணின் வால் இரண்டாகப் பிளந்திருக்கும். பிளவுக்குச் சற்று முன்னால் பிறைவடிவில் ஒரு மடிப்பு இருக்கும். பாராகார்டியஸ் பேரினத்தின் பெண்ணுக்கு மூன்று பிளவு. கும்பிடுபூச்சிகளில் அதிகம் வாழும் கார்டோடெஸ் பேரினத்தில் வால் பிளவுபடாமல் மழுங்கியிருக்கும்.

இதுவரை ஒரு நல்ல கைலென்ஸ் போதும். ஆனால் கார்டோடெஸ் பேரினத்தில் மட்டும் ஏறத்தாழ நூறு இனங்கள். அவற்றைப் பிரிக்கத் தோலுக்குத்தான் போக வேண்டும்.

தட்டையாகத் தெரிவதும் மேடாகத் தெரிவதும்

புழுவின் மேல்தோலில் சிறு சிறு மேடுகள் நெருக்கமாக இருக்கும். ஏரியோல் என்று நூல்கள் குறிப்பிடும் இவற்றை இங்கே தோல்மேடு என்போம். ஒரு மேட்டின் அகலம் பெரும்பாலும் 10 மைக்ரான் அளவு, அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கல்லூரி ஆய்வகத்து ஒளி நுண்ணோக்கியிலேயே இவை தெரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் லொரென்சோ கமெரானோ போன்றவர்கள் தோலைச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பார்த்ததை வரைந்து, பல இனங்களுக்குப் பெயர் சூட்டினார்கள்.

சிக்கல் எங்கே என்றால், ஒளி நுண்ணோக்கி ஒரு நேரத்தில் மிக மெல்லிய ஓர் அடுக்கை மட்டுமே தெளிவாகக் காட்டும். மேட்டின் உச்சியைத் தெளிவாக்கினால் அடி கலங்கும், அடியைத் தெளிவாக்கினால் உச்சி மறையும். உயரமானது எது, பள்ளமானது எது என்பது நிழலாகத்தான் தெரியும். மேட்டின் மேலே நிற்கும் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும். ஆகவே பழைய விவரிப்புகள் பலவற்றை வைத்து இன்று ஒரு புழுவை உறுதியாக இன்ன இனம் என்று சொல்ல முடிவதில்லை.

இங்கேதான் வருடு மின்னணு நுண்ணோக்கி வருகிறது. எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் க்னோலும் 1931இல் முதல் மின்னணு நுண்ணோக்கியை அமைத்தார்கள். பரப்பை வரி வரியாக வருடிப் படம் எடுக்கும் வகை 1965இல் கேம்பிரிட்ஜிலிருந்து விற்பனைக்கு வந்தது. வெற்றிடத்தில் ஒரு மெல்லிய எலெக்ட்ரான் கற்றை பொருளின் மேல் ஓடுகிறது. பட்ட இடத்திலிருந்து தெறிக்கும் எலெக்ட்ரான்களை எண்ணி, புள்ளி புள்ளியாகப் படம் உருவாகிறது. உருப்பெருக்கம் அதிகம் என்பதைவிட, உச்சியும் அடியும் சேர்ந்தே தெளிவாகத் தெரிவதுதான் புழு ஆய்வாளருக்குக் கிடைத்த பெரிய வரம் என்பேன்.

திருச்சிக்கு இந்தக் கருவி புதிதல்ல. கொதிகலன் செய்யும் ஊர் இது. வெடித்த குழாயின் முறிவுப் பரப்பைப் பார்த்து ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்க உலோகவியலாளர் நாடும் கருவியும் இதே வகைதான். எஃகை வைக்கும் மேடையில் புழுத்தோலையும் வைக்கலாம். தயாரிப்பில் மட்டும்தான் வேறுபாடு, அது பெரிய வேறுபாடு.

ஒரு புழுவை எடுத்துக்கொள்வோம்

மேலூர் வாய்க்காலோரம் ஒரு கும்பிடுபூச்சியிலிருந்து ஒரு புழு வெளிவந்ததாக வைத்துக்கொள்வோம். நீளம் 20 சென்டிமீட்டர், கரும்பழுப்பு, விரலால் தடவினால் சற்றுச் சொரசொரப்பு. ஒரு முனை மெலிந்து நுனியில் வெளுத்திருக்கிறது, அது தலை. மறுமுனை மழுங்கியிருக்கிறது, பிளவு இல்லை. லென்ஸில் பார்த்தால் அந்த முனையின் அடிப்பக்கத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளம், அதற்குள் ஒரு துளை. பெண்ணாக இருந்தால் துளை நுனியிலேயே இருந்திருக்கும். ஆகவே இது ஆண்.

முதல் குறிப்பு எழுதியாயிற்று: கும்பிடுபூச்சியிலிருந்து வந்தது, ஆண், வால் பிளவுபடாதது. கார்டோடெஸ் என்று சந்தேகிக்கலாம். ஆனால் அதே வால் உள்ள நெருங்கிய பேரினங்கள் உண்டு, தோலைப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது.

உடலின் நடுப்பகுதியிலிருந்து சில மில்லிமீட்டர் நீளத் துண்டு ஒன்றை வெட்டுகிறோம். நடுப்பகுதி என்பது முக்கியம். தலையருகிலும் வாலருகிலும் மேடுகள் மாறிவிடும், ஒருவரின் படத்தை இன்னொருவரின் படத்தோடு ஒப்பிட வேண்டுமானால் இருவரும் ஒரே இடத்தில் வெட்டியிருக்க வேண்டும். வால் நுனியைத் தனியாக இன்னொரு துண்டாக வைக்கிறோம்.

அடுத்து உலர்த்துவது. வெற்றிடத்தில் ஈரமான பொருளை வைக்க முடியாது. அப்படியே காற்றில் உலர்த்தினால், ஆவியாகும் நீரின் பரப்பு இழுவிசை மெல்லிய இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சாய்த்துவிடும். நாம் பார்க்க வந்ததே அந்த இழைகளைத்தான். இதற்கு ஒரு வழி இருக்கிறது. படிப்படியாகச் செறிவு கூட்டிய ஆல்கஹாலில் வைத்து நீரை வெளியேற்றுகிறார்கள். பிறகு ஆல்கஹாலுக்குப் பதில் அழுத்தத்தில் திரவமான கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, மெல்லச் சூடாக்குகிறார்கள். 31 டிகிரியைத் தாண்டி, வளிமண்டல அழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேல் போனதும் திரவம், வாயு என்ற வேறுபாடே அழிந்துபோகிறது. பரப்பு என்று ஒன்று இல்லை, ஆகவே இழுவிசையும் இல்லை. அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு வெளியேறுகிறது, இழைகள் நின்றபடி நிற்கின்றன. இந்தச் செய்முறையின் அழகு எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

கடைசியாகச் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு தங்கப் பூச்சு. அது இல்லாவிட்டால் மின்சாரம் கடத்தாத தோலில் எலெக்ட்ரான்கள் தேங்கிப் படம் கலங்கிவிடும்.

இப்போது திரையைப் பார்ப்போம். 500 மடங்கு பெருக்கத்தில், கையால் தடவியபோது சொரசொரப்பாக இருந்த தோல் பலாப்பழத்தின் மேல்தோலாக விரிகிறது. தாழ்ந்த, வட்டமான மேடுகள் அடுத்தடுத்து நெருங்கி நிற்கின்றன. பரப்பில் மிகப்பெரும்பகுதி இவைதான். இவற்றைச் சாதாரண மேடு என்று குறித்துக்கொள்வோம்.

அவற்றுக்கு நடுவே அங்கங்கே சில உயரமான கூட்டங்கள். ஒரு கூட்டத்துக்குள் இரண்டு மேடுகள் ஒட்டி நிற்கின்றன, சுற்றிலும் பத்துக்கு முன்பின்னாகப் புடைத்த மேடுகள் வளையமிட்டிருக்கின்றன. பெருக்கத்தை 3000 ஆக்கி நடுவிலுள்ள இரண்டின் உச்சிக்குப் போனால், ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய இழைகள் கொத்தாக எழுந்து விரிகின்றன. இது கிரீட மேடு. கார்டோடெஸ் பேரினத்தின் அடையாளமே இதுதான். சந்தேகம் தீர்ந்தது.

இனம் எது என்பதற்கு இன்னும் தேட வேண்டும். சாதாரண மேடுகளுக்கு இடையில் கூம்பான முள்ளைத் தாங்கிய மேடு இருக்கிறதா? விரல்போல ஒரு நீட்சி மட்டும் எழும் மேடு இருக்கிறதா? சாதாரண மேட்டின் உச்சி வழவழப்பா, குருணை குருணையாக இருக்கிறதா? மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் மயிர் உண்டா? முதுகின் நடுக்கோட்டிலும் வயிற்றின் நடுக்கோட்டிலும் உள்ள கிரீட மேடுகளின் இழைகள் மற்றவற்றைவிட நீண்டிருக்கின்றனவா? இந்த நீளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும், பெண்ணின் இழைகள் மிக நீண்டிருக்கலாம். நம்மிடம் இருப்பது ஆண். ஆண் புழுவை ஆண் புழுவின் படத்தோடு மட்டுமே ஒப்பிடலாம். இந்த விதியை மறந்தால் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் இரண்டு இனங்களாகப் பதிவாகும் ஆபத்து உண்டு.

பதில்களை எழுதி, வெளிவந்த விவரிப்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறோம். ஒன்றோடு எல்லாமே பொருந்தினால் பெயர் கிடைத்தது. முக்கால்வாசி பொருந்திக் கால்வாசி பொருந்தாவிட்டால்? கையில் ஒரே ஒரு புழு இருக்கும்போது நேர்மையான பதில், கார்டோடெஸ் பேரினம், இனம் தெரியவில்லை என்பதே. ஒரு புழுவின் விசித்திரம் அந்த இனத்தின் இயல்பா, அந்தப் புழுவின் தனிக்குறையா என்று ஒன்றை வைத்துச் சொல்ல இயலாது. அவசரப்பட்டுச் சூட்டிய பெயர்களைச் சரிபார்க்க, அருங்காட்சியகங்களில் நூறாண்டாகக் கிடக்கும் மூலப் புழுக்களை, அதாவது அந்தப் பெயர்களை முதலில் பெற்ற புழுக்களை, எடுத்து மறுபடி மின்னணு நுண்ணோக்கியில் வைக்க வேண்டியிருக்கிறது. ஹாம்பர்க் நகரின் ஆந்திரேயாஸ் ஷ்மிட்-ரேசா இந்த வேலையில் வாழ்நாளைச் செலவிட்டு வருபவர். மிசோரம், மேகாலயா மலைகளில் கிடைத்த புழுக்களை இந்திய ஆய்வாளர்கள் அவரோடு சேர்ந்து இதே முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

தைவானில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே கும்பிடுபூச்சிகளிலிருந்து வந்த புழு, ஜப்பானில் 1952இல் விவரிக்கப்பட்ட கார்டோடெஸ் ஜப்பானென்சிஸ் என்ற இனத்தைப் பெரிதும் ஒத்திருந்தது. மிங்-சுங் சியூ குழுவினர் தோலை நுணுகிப் பார்த்து, மரபணு வரிசையையும் ஒப்பிட்டு, இது வேறு என்று காட்டினார்கள். 2011இல் அதற்குக் கார்டோடெஸ் ஃபார்மோசானஸ் என்று பெயர் வைத்தார்கள்.

தோல் ஒன்றும் சொல்லாதபோது

கார்டோடெஸ் தோலில் படிக்க நிறைய இருக்கிறது. கார்டியஸ் அப்படியில்லை. அதன் தோல் பெரும்பாலும் வழவழப்பு, மேடுகள் இருந்தாலும் மங்கல். வட அமெரிக்கா முழுக்கக் கிடைத்த ஒரு புழுவைக் கார்டியஸ் ரோபஸ்டஸ் என்ற ஒரே இனமாக நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பென் ஹானெல்ட்டும் தோழர்களும் 2015இல் அதன் மரபணுக்களை ஒப்பிட்டபோது, குறைந்தது 8 இனங்கள் அந்த ஒரு பெயருக்குள் இருப்பது தெரிந்தது. மின்னணு நுண்ணோக்கியின் படங்களில் அந்த எல்லைக்கோடுகள் தெரிந்திருக்கவில்லை.

இதனால் நுண்ணோக்கி பழசாகிவிட்டது என்று கொள்ளக்கூடாது. மரபணு வரிசை இரண்டு புழுக்கள் வேறு என்று சொல்லும். நூறாண்டுக்கு முன் ஃபார்மலினில் ஊறவைத்த மூலப் புழுவில் பெரும்பாலும் மரபணு சிதைந்திருக்கும், ஆகவே பழைய பெயர் இரண்டில் எதற்கு உரியது என்று தீர்மானிக்கத் தோலைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

அந்த அமெரிக்க ஆய்வுக்குப் புழுக்கள் வந்த விதம் நம் ஊருக்குப் பொருந்தும். ஆய்வாளர்கள் தாங்களே எல்லா ஓடைகளுக்கும் போகவில்லை. நீச்சல்குளத்திலும் நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணத்திலும் புழுவைப் பார்த்துத் திகைத்த பொதுமக்கள் அனுப்பிவைத்தார்கள். இந்தப் புழுவைத் தேடிப் போய்ப் பிடிப்பது கடினம், தற்செயலாகக் கண்ணில் படுவதே அதிகம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் தொட்டிகள், எத்தனை வாய்க்கால் படித்துறைகள்!

உங்கள் தொட்டியில் ஒன்று கிடைத்தால்

கொல்ல வேண்டாம், கொட்டிவிடவும் வேண்டாம். வாய் அகன்ற பாட்டிலில் அதே தண்ணீரோடு எடுத்து வையுங்கள். பக்கத்தில் செத்த கும்பிடுபூச்சியோ சுவர்க்கோழியோ கிடக்கிறதா என்று பாருங்கள், கிடந்தால் அதையும் தனியே எடுங்கள். எந்தப் பூச்சியிலிருந்து வந்தது என்று தெரியாத புழுவின் மதிப்பு பாதிதான். உயிரோடு இருக்கும்போதே ஓர் அளவுகோலை அருகில் வைத்து, முழு உடலையும் இரண்டு முனைகளையும் கைபேசியில் படம் எடுங்கள். நிறம் பிறகு மங்கிவிடும்.

அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறையில் கொடுத்தால், அவர்கள் புழுவை இரண்டாக வெட்டி, வால் உள்ள பாதியை 70 சதவீத ஆல்கஹாலிலும் மற்றப் பாதியை 95 சதவீத ஆல்கஹாலிலும் போடலாம். முதல் பாதி நுண்ணோக்கிக்கு, இரண்டாவது மரபணுவுக்கு. ஃபார்மலின் கூடாது. சீட்டில் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளேயே போட வேண்டும், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். எழுத வேண்டியது தேதி, தெருவும் ஊரும், தொட்டியா வாய்க்காலா, முந்தின இரவு மழை பெய்ததா, பக்கத்தில் விளக்கு எரிந்ததா, கூடக் கிடந்த பூச்சி எது.